வென்றது யார், இறந்தவர் எத்தனை: போர்க் கட்டுரைகளின் தகவற்பெட்டி குறித்து எங்கள் நிலைப்பாடு

தமிழில் நாங்கள் கூட்டு முயற்சியாக எழுதிவரும் போர் வரலாற்று இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரையின் ஓரத்திலும் ஒரு தகவற்பெட்டி உண்டு. நாள், இடம், தளபதிகள், படைபலம், முடிவு, இழப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். இவற்றில் ‘முடிவு’, ‘இழப்பு’ என்ற இரண்டு கட்டங்களையும் எடுத்துவிடுவதென ஆசிரியர் குழு தீர்மானித்திருக்கிறது. வென்றது யார், இறந்தவர் எத்தனை பேர் என்பதை இனிக் கட்டுரைக்குள்தான் எழுத வேண்டும். அதையும் யார் சொன்னது, எப்போது சொன்னது, எப்படி எண்ணினார்கள் என்ற விவரத்தோடு எழுத வேண்டும். பங்களிப்பாளர்களில் ஒரு பகுதியினர் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். அவர்களுக்கும் வாசகர்களுக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரை எடுத்துக்கொள்வோம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனும் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியும் அங்கே மோதியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வென்றது யார்? 634-இல் ரவிகீர்த்தி பாடிய ஐஹொளெ கல்வெட்டைக் கேட்டால், புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் ஒளி மங்கிப் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் போய் மறைந்தான். நந்திவர்ம பல்லவமல்லனின் காசாக்குடிச் செப்பேட்டைக் கேட்டால், மகேந்திரன் புள்ளலூரில் தன் முதன்மைப் பகைவர்களை அழித்தான். அந்தப் பகைவர்கள் யார் என்று செப்பேடு பெயர் சொல்லவில்லை. சாளுக்கியர்தாம் என்பது பிற்கால ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்துச் சொன்னது. செப்பேடு வெட்டப்பட்டதும் போர் நடந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு. கல்வெட்டோ புள்ளலூரின் பெயரையே எடுக்கவில்லை. ஒன்றில் ஊர் இருக்கிறது, எதிரி இல்லை. மற்றதில் எதிரி இருக்கிறான், ஊர் இல்லை. இரண்டையும் ஒட்டவைத்து ‘பல்லவர் வெற்றி’ என்றோ ‘சாளுக்கியர் வெற்றி’ என்றோ கட்டத்தை நிரப்பிவிட்டால், இவ்வளவும் வாசகர் கண்ணில் படாமலே போய்விடும்.

அதே ஊர்ப்பக்கம் 1780 செப்டம்பர் 10-இல் ஹைதர் அலி, திப்பு படைகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கின. துணைக்கு வந்திருக்க வேண்டிய ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். இதில் வழக்கே இல்லை. தோற்ற கம்பெனிக்காரர்களும் தோல்வி என்றுதான் எழுதினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு அதை ஓவியமாகவே தீட்டச் செய்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27-இல் அயர் கூட் அங்கேயே ஹைதரோடு மோதினார். கம்பெனியின் கணக்கில் அது வெற்றி. முடிவு தெரியாத சண்டை என்று எழுதும் வரலாற்றாளர்களும் உண்டு. ஆக மூன்று போர்கள், மூன்று வகையான சான்றுகள். பெட்டியில் மூன்றுக்கும் ஒரே அளவு கட்டம்.

‘இழப்பு’ கட்டம் இதைவிட மோசம். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சியைப் பாருங்கள். ஆங்கிலேயர் தரப்பில் அதிகாரிகள் 14 பேர், 69-ஆம் ரெஜிமென்ட் வீரர்கள் 115 பேர் இறந்ததாக எழுதப்படுகிறது. படைப்பிரிவுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது, எண்ண முடிந்தது. சிப்பாய்கள் தரப்பிலோ 350 என்பாரும் உண்டு, 800 என்பாரும் உண்டு. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி கோட்டையை மீட்ட பிறகு, அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்; அந்த நேரத்தில் யார் நின்று எண்ணியிருப்பார்கள்? 129-ஐயும் ‘350–800’-ஐயும் பக்கம் பக்கமாகப் போட்டால், முன்னது உண்மைபோலவும் பின்னது வதந்திபோலவும் தெரியும். ஒரு தரப்புக்குப் பதிவேடு இருந்ததும் மறுதரப்புக்கு இல்லாமல் போனதும்தான் அங்கே சொல்ல வேண்டிய செய்தி. அதற்குக் கட்டத்தில் இடமில்லை.

இந்த முடிவுக்கு எங்களைத் தள்ளியது சயாம் மரண ரயில்பாதைக் கட்டுரை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் அதை முடித்தார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேல்; இறந்தவர்கள் 12,000-க்கு மேல். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் இருக்கிறார்கள். புல்வெளி, வரிசை, பெயர் பொறித்த பலகை எல்லாம் உண்டு. கைதி முகாம்களில் அதிகாரிகள் ரகசியமாகப் பட்டியல் வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் தேடிப்போய் உடல்களை எடுத்து அடக்கம் செய்ய அரசுகள் முன்வந்தன.

அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை பல மடங்கு அதிகம். மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 75,000 என்பது பரவலான மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். காலரா வந்த 1943 மழைக்காலத்தில் முகாம் முகாமாகச் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு 90,000 என்று அடிக்கடி எழுதப்படுகிறது. லட்சத்தைத் தாண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இந்த எண் மாதத்துக்கொரு முறையாவது மாறியது. எண் மாறும், அடிக்குறிப்பு மட்டும் மாறாது. அதாவது 90,000-க்குச் சான்றாகக் காட்டிய நூலே மறுநாள் 1,50,000-க்கும் சான்றாக நிற்கும். மாற்றியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் ஆட்களின் சாவைக் குறைத்துக் காட்டுகிறார்களே என்ற ஆற்றாமையில் செய்தார்கள். எண்ணைக் கூட்டினால்தான் இறந்தவர்களுக்கு மரியாதை என்ற நினைப்பு அது. அதை நாங்கள் ஏற்கவில்லை. பெயர்ப்பட்டியல் ஏன் இல்லை, யார் யாரை எண்ணாமல் விட்டார்கள் என்று இரண்டு பத்தி எழுதுவதே அவர்களுக்குச் செய்யும் நியாயம் என்று கருதுகிறோம்.

எண்ணோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதற்குக் குரோவேஷியாவின் யாசெனோவாட்ஸ் வதைமுகாம் ஒரு பாடம். யூகோஸ்லாவிய அரசு அங்கே இறந்தவர்கள் 7,00,000 என்றது. அந்த மிகையைப் பிடித்துக்கொண்டு மறுகோடியில் இருப்பவர்கள் சில ஆயிரம்தான் என்றார்கள். நினைவகத்தார் பொறுமையாகப் பெயர் பெயராகச் சேகரித்து 83,000-க்கு மேற்பட்டோரின் பட்டியலைத் தந்திருக்கிறார்கள். இதற்கிடையே குரோவேஷிய மொழி விக்கிப்பீடியா ஏறத்தாழப் பத்தாண்டு ஒரு சிறு குழுவின் பிடியில் இருந்தது. மறுப்பவர்களைத் தடைசெய்யும் அதிகாரமும் அந்த நிர்வாகிகளின் கையிலேயே இருந்ததால், அந்த முகாமின் கொடுமையையே பூசி மெழுகி எழுத முடிந்தது. விக்கிமீடியா அறக்கட்டளை இதை ஆய்வு செய்து 2021-இல் அறிக்கை வெளியிட்டது. தமிழில் தொடர்ந்து எழுதுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறோம். எங்களுக்கும் அது நடக்கலாம். எனவே, எந்த நிர்வாகியும் ஈராண்டுக்கு மேல் தொடர்ந்து பொறுப்பில் இருக்க மாட்டார். தான் எழுதிய கட்டுரையைத் தானே பூட்டவும் மாட்டார்.

அடுத்து, 2009-இல் முடிந்த இலங்கைப் போர். அதைத் தொடாமல் தமிழில் போர் வரலாறு எழுதுவது நேர்மையாகாது. இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை ஐ.நா. பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு 2011-இல் தன் அறிக்கையில் பதிவுசெய்தது. 70,000 வரை போகலாம் என்ற குறிப்பு ஐ.நா.வின் 2012 உள்ளக ஆய்வில் இருக்கிறது. இலங்கை அரசின் கணக்கு இவற்றைவிட மிகக் குறைவு. இவற்றின் சராசரியை எடுத்து எழுதுவது நடுநிலை ஆகாது. ஒவ்வொன்றையும் எண்ணியவர் களத்துக்குள் போக முடிந்ததா, யாரை விசாரித்தார், எதை விட்டுவிட்டார் என்று கட்டுரை சொல்லும். உயிரோடு இருக்கும் சாட்சிகளின் பெயர், ஊர், படம் எதுவும் எங்கள் பக்கங்களில் வராது. அவர்களே அனுமதித்தாலும் வராது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

கதைப்பாடல்களை ஆதாரமாக ஏற்பீர்களா என்று கேட்கிறார்கள். ஏற்கிறோம், ஒரு வரம்போடு. பாஞ்சாலங்குறிச்சியை 1801-இல் தாக்கிய படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் நினைவுக்குறிப்பு எழுதியிருக்கிறார். நம்மிடம் கட்டபொம்மு கதைப்பாடல் இருக்கிறது. படை எத்தனை, பீரங்கி எத்தனை என்பதற்குப் பாடலைச் சான்றாகக் காட்ட வேண்டாம். மக்கள் அந்தப் போரை எப்படி நினைவில் வைத்தார்கள், யாரைத் துரோகி என்றார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. வெல்ஷையும் அதே கண்ணோடு படிக்க வேண்டும். அவரும் தன் தரப்பின் கதையைத்தான் சொன்னார்.

எதிர்ப்பவர்களின் வாதத்தில் ஒன்று வலுவானது: தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வரியில் விடை வேண்டும், இல்லாவிட்டால் வேறு தளத்துக்குப் போய்விடும். உண்மைதான், போகும். வழக்கில்லாத இடங்களில், 1780 போல, முதல் வாக்கியமே விடையைச் சொல்லிவிடும். வழக்குள்ள இடங்களில் முதல் பத்தியைப் படித்தால் போதும் என்ற அளவுக்குச் சுருக்கி எழுதுவோம். அதற்கும் கீழே சுருக்க எங்களுக்கு விருப்பமில்லை. பெட்டியைத்தான் தேடுபொறிகள் எடுத்துக் காட்டுகின்றன, அது போனால் வருகை குறையும் என்ற வாதத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பழைய கட்டுரைகளின் பெட்டிகளை நிரல் ஓட்டி ஒரே இரவில் அழிக்கப் போவதில்லை. ஒவ்வொன்றாகக் கையால்தான் மாற்றுவோம். சான்று இல்லாத எண் பேச்சுப் பக்கத்துக்குப் போகும். யாராவது சான்று கொண்டுவந்தால் திரும்பும். முதலில் எடுப்பது சயாம் ரயில்பாதைக் கட்டுரையை. மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் இருக்கும் குடும்பங்களிடம் தோட்டத்துச் சம்பளப் புத்தகம், கடிதம், திரும்பி வந்தவர் சொன்னதை எழுதிவைத்த நோட்டு என எது இருந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். மூலத்தை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும்.