தொலைக்காட்சியும் ஞானதிருஷ்டியும்

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து பட்டு நெசவு செய்யும் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அதன் சாரமாவது: ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், தொலைக்காட்சிப் பெட்டியில் படம் எப்படி வருகின்றது என்று வகுப்பில் கேட்டானாம். அதற்கு ஆசிரியர் ஒருவர், "இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல, குருக்ஷேத்திரத்தில் நடந்த சண்டையை அரண்மனையில் இருந்துகொண்டே சஞ்சயன் பார்த்துத் திருதராட்டிரனுக்குச் சொன்னான், அதுதான் முதல் தொலைக்காட்சி" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டாராம். பையன் வீட்டுக்கு வந்து, "அது இருக்கட்டும் அப்பா, படம் எப்படி வருகின்றது?" என்று தகப்பனாரைக் கேட்டிருக்கின்றான். அவர், "எனக்குத் தறிதான் தெரியும், டி.வி. எனக்கென்னப்பா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, நமக்கு எழுதியிருக்கின்றார்.

பையனுடைய புத்தியை நாம் மெச்சுகின்றோம். அவன் கேட்டது "எப்படி" என்று. அவனுக்குக் கிடைத்த பதிலோ "யார்" என்பது. அந்த "யாரும்" தப்பான யார். தகப்பனாருக்கும் ஒன்று சொல்லுகின்றோம். தறி தெரிந்தவருக்குத் தொலைக்காட்சியில் முக்கால் பாகம் தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைப் பின்னால் விளக்குவோம். முதலில் சஞ்சயன் சங்கதியை முடித்துவிடலாம்.

இந்தக் கதை அந்த ஆசிரியர் ஒருவருடைய சொந்தச் சரக்கல்ல. 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அப்போது திரிபுராவின் முதல் மந்திரியாயிருந்த விப்லவ் தேவ் என்பவர், மகாபாரத காலத்திலேயே இண்டர்நெட் இருந்தது, சஞ்சயனே அதற்கு சாக்ஷி என்று பேசினார். அடுத்த மாதமே உத்தரப் பிரதேசத்தின் துணை முதல் மந்திரியாயிருந்த தினேஷ் சர்மா என்பவர், சஞ்சயன் சொன்னது நேரடி ஒளிபரப்புத்தான் என்று பேசினார். மந்திரிகளே இப்படிப் பேசினால் வாத்தியாரை மட்டும் நொந்து என்ன பயன்?

இவர்கள் தங்கள் மகாபாரதத்தையாவது ஒழுங்காகப் படித்தார்களா என்பதே நமக்குச் சந்தேகம். ஏனெனில், அந்தக் கதைப்படி, பத்தாம் நாள் சண்டையில் பீஷ்மன் விழுந்த பிறகுதான் சஞ்சயன் களத்திலிருந்து ஓடிவந்து கிழவனுக்குச் சேதி சொல்லுகின்றான். பத்து நாள் பிந்தி வருவது நேரடி ஒளிபரப்பானால், தபால்காரன் கொண்டு வருவதும் நேரடி ஒளிபரப்புத்தான். அதுமட்டுமா? சல்லிய பர்வத்தில் அதே சஞ்சயன் சாத்யகி கையில் பிடிபட்டுக் கழுத்துப் போக இருந்து, வியாசர் வந்து விடச் சொன்னதால் பிழைக்கின்றான். அரண்மனையில் உட்கார்ந்து படம் பார்த்தவனுக்குப் போர்க்களத்தில் என்ன வேலை? இன்னும் வேடிக்கை, துரியோதனன் செத்தவுடன் அந்த ஞானதிருஷ்டியும் போய்விட்டதாம்! ஆகவே அது வியாசர் ஒருவனுக்கு மட்டும் கொடுத்த வரமே தவிர, மற்றவர் கற்கவும் செய்யவும் கெட்டால் பழுது பார்க்கவும் கூடிய ஒரு கருவி அல்ல என்பது அந்தக் கதையிலிருந்தே விளங்கவில்லையா? தொலைக்காட்சியோ கெட்டுப்போனால் தெருமுனைக் கடையில் ஒரு பையன் திருப்புளியை வைத்துக்கொண்டு சரி செய்து கொடுத்துவிடுகின்றான். அவன் யாரிடம் வரம் வாங்கினான்?

மற்றொன்றும் கேட்கின்றோம். மகாபாரதத்துக்கு எத்தனையோ பண்டிதர்கள் உரை சொன்னார்கள். ஊர் ஊராய்க் கதாகாலட்சேபம் செய்து தட்சணை வாங்கினார்கள். 1926-க்கு முன்னால் அவர்களில் ஒருவராவது, "இதில் படம் அனுப்பும் யந்திரம் இருக்கின்றது, செய்து பார்க்கலாம்" என்று சொன்னதுண்டா? யாரோ ஒருவன் செய்து காட்டிய மறுநாள்தான் இவர்களுக்குச் சுலோகத்தில் அர்த்தம் தோன்றுகின்றது. உண்மையிலேயே எல்லாம் அதில் இருக்குமானால், இனி ஐம்பது வருஷம் கழித்து வரப்போகும் யந்திரம் இன்னதென்று இன்றைக்கே அதைப் பார்த்துச் சொல்லட்டுமே! காத்திருக்கின்றோம்.

நிற்க. பையன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

காஞ்சீபுரத்தில் ஒரு சேலை முந்தானையில் மயில் எப்படி வருகின்றது? மயில் முழுசாக ஒரே மூச்சில் வந்து சேலையில் உட்காருவதில்லை. முதலில் ஒருவர் மயிலைக் கட்டம் போட்ட தாளில் எழுதிக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றார். பிறகு அந்தக் கட்டங்களின்படி அட்டைகளில் ஓட்டை போடுகின்றார். தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அந்த அட்டை ஏறினால், ஓட்டை உள்ள இடத்தில் பாவு இழை எழும்புகின்றது. ஓட்டை இல்லாத இடத்தில் எழும்புவதில்லை. நாடா ஒரு தரம் ஓடினால் மயிலில் ஒரு கோடு முடிந்தது. அடுத்த அட்டை, அடுத்த ஊடை, அடுத்த கோடு. இப்படிக் கோடு கோடாய்ச் சேர்ந்து கடைசியில் மயில் ஆகின்றது. பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் இழை. நாலடி தள்ளி நின்று பார்த்தால் மயில்.

தொலைக்காட்சியின் ரகசியமும் இதுவேதான். படத்தைப் புள்ளி புள்ளியாய், கோடு கோடாய்ப் பிரிக்க வேண்டியது. ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சமா இருட்டா என்பதை மின்சாரமாக மாற்றி அனுப்ப வேண்டியது. போய்ச் சேர்ந்த இடத்தில் அதே வரிசைப்படி மறுபடியும் கோர்க்க வேண்டியது. படம் பிடிக்கும் கேமரா கட்டத் தாளின் வேலையைச் செய்கின்றது. நம் வீட்டிலுள்ள பெட்டி தறியின் வேலையைச் செய்கின்றது. நடுவில் அட்டைக்குப் பதிலாக ரேடியோ அலை போகின்றது. அது வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும்.

சில வருஷங்களுக்கு முன்வரை நம் வீடுகளில் இருந்த குண்டுப் பெட்டிகளில், கண்ணாடிக் குழாய்க்குள் எலெக்ட்ரான் கற்றை ஒன்று நாடாவைப்போல் இடமிருந்து வலமாக ஓடித் திரையின் உட்புறப் பூச்சை ஒளிரச் செய்தது. ஒரு படத்துக்கு 625 கோடுகள். ஒரு வினாடிக்கு 25 படங்கள். அதாவது வினாடிக்கு 15,625 தரம் நாடா ஓடிற்று என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசமும் உண்டு. தறி நாடா போகும்போதும் இழை விடும், வரும்போதும் இழை விடும். இந்தக் கற்றையோ போகும்போது மட்டும் எழுதித் திரும்பும்போது அணைந்து திரும்பும். மேலும், படம் கண்ணுக்கு நடுங்காமல் இருக்கவேண்டி, முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை எழுதி, பிறகு இடைவெளியில் இரட்டைப்படைக் கோடுகளை எழுதினார்கள். இவ்வளவும் நம் கண்ணுக்குத் தெரியாததேன் என்றால், தீபாவளிக் கம்பி மத்தாப்பைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகின்றதல்லவா, அதே காரணந்தான். கண் ஒரு காட்சியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளுகின்றது.

இன்றைய தட்டைப் பெட்டியில் ஓடும் கற்றை இல்லை. புள்ளிகள் எல்லாம் வரிசை வரிசையாக நிலையாகவே பதிந்திருக்கின்றன. சாதாரணமாக விற்கும் ஒரு வகையில் ஒரு கோட்டுக்கு 1920 புள்ளிகளும் மொத்தம் 1080 கோடுகளும் உண்டு. படமும் இப்போது ஒன்று, பூஜ்யம் என்கின்ற இரண்டே அடையாளமாக மாறி வருகின்றது. ஒன்று, பூஜ்யம் என்பது வேறென்ன? ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை என்பதுதானே! 1804-ல் ஜக்கார்டு என்பவர் இந்த அட்டைப் பெட்டியைச் செய்தது பிரான்சு தேசத்தில் லியோன் என்னும் ஊரில். அதுவும் பட்டு நெசவு ஊர். அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர் கணக்குப் போடும் யந்திரத்துக்குத் திட்டம் போட்டார். ஆகவே தொலைக்காட்சிக்கு நம் ஊரில் உறவு தேடுவதானால், அது கோயில் கோபுரத்தின் கீழ் இல்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் இருக்கின்றது. கையால் உழைக்கின்றவன் கீழானவன், அவன் படிக்கக்கூடாது என்று எழுதி வைத்த சாஸ்திரக்காரர்கள், இப்போது யந்திரத்துக்கு மட்டும் தகப்பன் உரிமை கொண்டாட வருவதுதான் வெட்கக்கேடு.

இதைக் கண்டவர்கள் ரிஷிகளுமல்ல, கண்டவர் ஒருவருமல்ல. செலீனியம் என்ற பொருள் வெளிச்சம் பட்டால் மின்சாரத்தை அதிகம் விடுகின்றது என்பது 1873-ல் தந்திக் கம்பி வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியவந்தது. 1884-ல் ஜெர்மனியில் நிப்கோ என்ற மாணவர் ஓட்டைகள் போட்ட சுழலும் தட்டால் படத்தைக் கோடு கோடாய்ப் பிரிக்கலாம் என்று காட்டினார். பேர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர் தேயிலைப் பெட்டியையும் தொப்பிப் பெட்டியையும் ஊசிகளையும் வைத்து ஒட்டுப்போட்டு ஆரம்பித்து, 1926 ஜனவரி 26-ல் லண்டனில் 30 கோட்டுப் படத்தைக் காட்டினார். அவர் பாதிரியார் மகன். ஆனால் பைபிளில் இதைத் தேடவில்லை. அமெரிக்காவில் பார்ன்ஸ்வொர்த் என்ற உழவர் வீட்டுப் பையன், வயலில் வரிசை வரிசையாய் உழுதிருப்பதைப் பார்த்துப் படத்தையும் இப்படி வரிசையாய்ப் பிரிக்கலாமே என்று 14 வயதில் நினைத்தான். 21-ம் வயதில், 1927-ல், ஒரே ஒரு கோட்டை மின்சாரத்தால் அனுப்பிக் காட்டினான். உழுத சாலைப் பார்த்தவனுக்குத் தோன்றிற்று. ஊடையைப் பார்க்கின்றவன் பிள்ளைக்கு ஏன் தோன்றாது?

நம்மவர்க்கும் தோன்றாமல் இல்லை. 1950-ல் சென்னை தேனாம்பேட்டையில் நடந்த ஒரு கண்காட்சியில், சிவகுமாரன் என்ற பொறியியல் மாணவர் ஒரு கடிதத்தைப் படமாகத் திரையில் காட்டினார். டெல்லியில் 1959-ல் ஒளிபரப்பு ஆரம்பிப்பதற்கு ஒன்பது வருஷம் முந்திய சங்கதி இது. சென்னை நிலையம் 1975-ல் வந்தது. ஆனால் சஞ்சயனைத் தெரிந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்காவது இந்தச் சிவகுமாரனைத் தெரியுமா?

2006-ல், காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளன்று, அரசாங்கம் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்து, ஐந்து வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தது. தறி வீடுகளிலும் பெட்டி வந்தது. பெட்டியைப் பற்றிய அறிவு கூட வரவில்லை. வந்தது என்ன? ஆயுத பூசையன்று பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வந்தது. 1987-ல் ராமாயணம் ஒளிபரப்பானபோது வடநாட்டில் குளித்து முழுகிப் பெட்டிக்கு மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்தினார்கள். 2019-ல் காஞ்சீபுரத்துக் குளத்திலிருந்து அத்திவரதரை எடுத்து வைத்த 48 நாளும் செய்தித் தொலைக்காட்சிகள் ஊரெல்லாம் காட்டின. கோயிலுக்குள்ளே மந்திரத்துக்குக் குறைவில்லை; ஆனால் அந்தப் படத்தைக் கன்னியாகுமரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது கேமராவும் கம்பியும் துணைக்கோளுமே அல்லாமல் எந்த மந்திரமும் அல்ல. அந்தத் துணைக்கோள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில், பூமி சுற்றும் வேகத்துக்குச் சரியாகச் சுற்றும்படி கணக்குப் போட்டு நிறுத்தப்பட்டிருக்கின்றது. அவ்வளவு கணக்குப் போட்டு நிறுத்திய ஒன்றின் வழியாக ஒருவர் தினம் காலையில் வந்து, "உங்களுக்குச் சனி பார்வை சரியில்லை" என்கின்றார்! சனிக்கிரகத்துக்கே மனிதன் யந்திரம் அனுப்பிப் படம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. இவருக்கு இன்னும் அதன் பார்வை பயமாயிருக்கின்றதாம்.

தோழர் கேட்ட மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம். கூரைமேல் இருக்கும் தட்டில் மழைக் காலத்தில் படம் நின்று போவது தெய்வக் குற்றமல்ல. அந்த அலைகளைக் கனத்த மழைத் துளிகள் விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. ஒரே கம்பெனித் தட்டுகள் ஊரெல்லாம் ஒரே திசையைப் பார்ப்பதேன் என்றால், துணைக்கோள் இருக்கும் இடம் ஒன்று. அக்கிரகாரத்துத் தட்டுக்கும் சேரித் தட்டுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. பழைய பெட்டியில் நிலையம் கிடைக்காதபோது புள்ளி புள்ளியாய் இரைந்ததல்லவா? அதில் ஒரு சிறு பங்கு, ஏறக்குறைய 1,380 கோடி வருஷத்துக்கு முன் பிரபஞ்சம் கொதித்துக் கிடந்த காலத்தின் மிச்ச ஒளி. 1965-ல் அமெரிக்காவில் இருவர் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். எந்தப் புராணத்துச் சிருஷ்டிக் கதையும் இவ்வளவு கிட்டத்தில் நம் வீட்டுக்குள் வந்ததில்லை.

பையனுக்கு ஒரு வேலை கொடுக்கின்றோம். அணைத்த பெட்டியின் திரையில் விரல் நுனியால் ஒரு சிறு துளித் தண்ணீர் வைத்து, பிறகு பெட்டியைப் போட்டு வெள்ளைப் பகுதியை அந்தத் துளி வழியாக உற்றுப் பார்க்கட்டும். வெள்ளை அங்கே இராது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுந்தான் இருக்கும். மஞ்சள் சாமந்தி தெரியும் இடத்திலும் மஞ்சள் புள்ளி இராது. சிவப்பும் பச்சையுமே இருக்கும். நூலில் சிவப்பும் பச்சையும் கலந்தால் மஞ்சள் வராது, ஒளியில் வரும். ஆனால் நீலப் பாவும் பச்சை ஊடையும் சேர்ந்து மயில் கழுத்து நிறமாவதைத் தினம் பார்க்கின்ற தகப்பனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், கண் எப்படி இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குகின்றது என்பதை இருவருமே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பார்த்ததை எழுதி அனுப்பினால் அடுத்த வாரம் வெளியிடுவோம்.