ஐம்பதுக்குப் பின்னர் ஓடலாமா?

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நம் சமூகம் வைத்திருக்கும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: "நடவுங்கோ." சீனி கூடினாலும் நடை, கொழுப்புக் கூடினாலும் நடை, நித்திரை வராவிட்டாலும் நடை. வைத்தியரும் அதையே சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். நல்ல அறிவுரை என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாளாந்தம் அரைமணி நேரம் களைப்பின்றி நடக்கக்கூடிய ஒருவர் அத்துடன் நின்றுவிட வேண்டியதில்லை. அவர் மெல்ல ஓடவும் பழகலாம் என்பது என் கருத்து. பல ஆண்டுகள் நடந்துவிட்டு, அண்மைக்காலமாக ஓடிப் பழகியவன் என்ற வகையில் சிலவற்றை இங்கு பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலில், நாம் ஏன் ஓடுவதில்லை என்பதைப் பார்ப்போம். வயது ஒரு காரணம், வெட்கம் இன்னொரு காரணம். ஈழத்தமிழருக்கு இவற்றோடு மூன்றாவது காரணமும் உண்டு. எங்கள் தலைமுறைக்கு ஓட்டம் என்பது உடற்பயிற்சியின் பெயரன்று. 1983 ஜூலையிலும், 1995 ஒக்ரோபரிலும், 2009 இன் முதல் ஐந்து மாதங்களிலும் எம்மவர் செய்தது எதுவோ, அதற்கே நாம் ஓட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். போர்க்காலக் கொழும்பில் வீதியில் ஓடும் தமிழ் இளைஞன் எவனும் அடுத்த சோதனைச்சாவடியைத் தாண்டியிருக்கமாட்டான். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேகமும் காட்டாமல் தயக்கமும் காட்டாமல் நடப்பதற்கே நாம் பழகிக்கொண்டோம். வெள்ளவத்தையில் நான் ஓடத் தொடங்கிய நாட்களில் ஒரு முதியவர் என்னை மறித்து, "என்ன தம்பி, ஆரும் துரத்துகினமோ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குள் நாற்பது ஆண்டு கால வரலாறு இருந்தது.

நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு வேகம் மட்டுமே என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் நிலத்தில் இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் இடையில் இரு பாதங்களும் கணநேரம் நிலத்தை விட்டு எழுகின்றன. எழுந்த உடல் மீண்டும் விழவேண்டும். நடையில் கால் தாங்கும் விசை ஏறக்குறைய உடல் எடையின் அளவினது. ஓட்டத்தில் அது இரண்டு, மூன்று மடங்காகிறது. ஆகவே விரைந்து நடப்பவரைவிட மெதுவாக ஓடுபவரின் கால்களுக்கே வேலை அதிகம். பயனும் அதற்கேற்பவே கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரமொன்றுக்கு 150 முதல் 300 நிமிடம் வரையான மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரையான கடுமையான உடலுழைப்புத் தேவை. விரைவு நடை முன்னதைச் சேர்ந்தது, ஓட்டம் பின்னதைச் சேர்ந்தது. நேரமில்லை என்று புலம்பும் நம்மவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கவேண்டும்.

சாதாரண மனிதர்கள் உடல்நலத்துக்காக ஓடும் வழக்கம் அப்படியொன்றும் பழமையானதன்று. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீற்றர் ஸ்னெல், மறே ஹால்பேர்க் என்ற இரு தங்கப்பதக்க வீரர்களை உருவாக்கிய நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியார்ட், நடுவயதினரையும் இதய நோயாளரையும் மெதுவாக ஓடவைத்தார். 1962 இன் இறுதியில் அங்கு சென்ற அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன், தன்னிலும் மூத்த ஒருவருக்கு ஈடுகொடுத்து ஓடமுடியாமல் திணறினார். அப்போது அவருக்கு வயது 51. நாடு திரும்பிய அவர், இதய நோய் வைத்தியர் ஒருவருடன் சேர்ந்து 1967 இல் மெதுவோட்டம் பற்றி எழுதிய நூல் அமெரிக்காவெங்கும் பரவியது. ஒரு மெய்வல்லுநர் பயிற்றுநரே ஐம்பதுக்குப் பின்னர்தான் இதைக் கற்றார் என்றால், நாம் தயங்குவதில் பொருளில்லை.

எப்படித் தொடங்குவது? 1996 இல் ஜொஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்து, பின்னர் பிரித்தானிய தேசிய சுகாதார சேவையும் ஏற்றுக்கொண்ட ஒன்பது வாரத் திட்டம் மிக எளிமையானது. வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிட விரைவு நடை. அதன்பின் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறிமாறி 20 நிமிடங்கள். வாரம் செல்லச்செல்ல ஓட்டம் கூடும், நடை குறையும். இறுதியில் அரைமணி நேரம் இடைவிடாமல் ஓடமுடியும். இது ஒன்பது வாரங்களில் முடிந்தாகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் பத்தொன்பது வாரங்கள் எடுத்துக்கொண்டேன். நான்காவது வாரத்துப் பயிற்சியை மாத்திரம் ஒரு மாதம் செய்தேன்.

இங்குதான் ஒரு முக்கியமான விடயத்தைச் சொல்லவேண்டும். நன்கு நடந்து பழகியவர்களுக்கே ஓட்டத்தில் அதிகம் காயம் ஏற்படக்கூடும். இது முரணாகத் தோன்றலாம். நடையினால் அவர்களுடைய இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. மூச்சு வாங்காததால் மேலும் ஓடத் தோன்றும். ஆனால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணும், முன்னங்கால் எலும்பும் அந்த வேகத்தில் பலம் பெறுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் தேவை. ஆகவே மூச்சை நம்பி ஓடக்கூடாது, காலைக் கேட்டு ஓடவேண்டும். வேகத்துக்கான அளவுகோல் ஒன்றுதான்: ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேசமுடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். விரைந்து நடப்பவர் ஒருவர் நம்மை முந்திச் சென்றாலும் பரவாயில்லை.

"முழங்கால் தேய்ந்துவிடும்" என்பது அடுத்த எச்சரிக்கை. 2017 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 வீதத்தினரிடமும், ஓடாமல் இருப்பவர்களில் 10.2 வீதத்தினரிடமும், போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 வீதத்தினரிடமும் காணப்பட்டது. மூட்டு நன்றாக உள்ளவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்று இதற்கு மறுப்புக் கூறலாம். அந்த மறுப்பிலும் நியாயமுண்டு. எனினும், அளவான ஓட்டம் நல்ல மூட்டைக் கெடுக்கும் என்பதற்கு இந்த எண்கள் சான்று தரவில்லை. ஏற்கெனவே மூட்டு நோவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே முடிவெடுக்கவேண்டும்.

அதைவிட முக்கியமானது இதயம். ஓட்டத்தைப் பற்றி 1977 இல் எழுதிய நூலினால் உலகப்புகழ் பெற்ற ஜிம் ஃபிக்ஸ், 1984 இல் ஓடும்போதே மாரடைப்பால் இறந்தார். வயது 52. ஓட்டத்தை எதிர்ப்பவர்கள் இன்றும் இதனையே உதாரணம் காட்டுவர். ஆனால் அவருடைய தந்தை 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர். ஃபிக்ஸும் முன்னர் நீண்டகாலம் புகைத்தவர், உடல் பருத்திருந்தவர். ஓடுவது நல்லதென்றாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது மறைப்பாகாது. நீரிழிவும் இதய நோயும் குடும்பங்குடும்பமாகத் தொடரும் நம்மவர்கள் சப்பாத்து வாங்குவதற்கு முன்னர் குருதி அழுத்தம், சீனி, ஈசிஜி மூன்றையும் பார்த்துக்கொள்வது கட்டாயமெனக் கருதுகிறேன். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ ஏற்பட்டால் அந்தக் கணமே நிற்கவேண்டும்.

மறுபுறத்தில் ஃபௌஜா சிங்கைப் பாருங்கள். பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய அவர், 2000 ஆம் ஆண்டில் தன் முதல் மரதனை ஓடியபோது வயது 89 எனக் கூறப்பட்டது. 2011 இல் ரொறன்ரோவில் நூறு வயதினராக மரதனை ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதனை ஏற்கவில்லை. காகிதங்களை இழந்த மனிதர்களின் துயரம் நமக்கு நன்கு தெரிந்ததுதான். 2025 ஜூலையில், பிறந்த ஊரில் வீதியைக் கடக்கையில் வாகனம் மோதி அவர் இறந்தார். அத்தனை ஆண்டு ஓட்டமும் அவருக்குச் செய்யாத தீங்கை ஒரு வீதி செய்தது.

நான் இறுதியாகச் சொல்ல விரும்புவதும் வீதிகளைப் பற்றியதே. கொழும்பில் சுதந்திர சதுக்கமும் காலிமுகத்திடலும் உள்ளன. யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடலோரம் உள்ளது. இவற்றுக்கு அண்மையில் வசிப்பவர் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு ஒழுங்கைதான் மைதானம். அங்கே வெளிச்சமில்லை, ஓரமில்லை, முச்சக்கரவண்டிகளுக்குப் பொறுமையில்லை. நடப்பவனை நம் தெருநாய்கள் மதிப்பதில்லை, ஓடுபவனை விடுவதில்லை. நம் காலநிலையில் சூரியன் எழுமுன்னர் ஓடி முடிப்பதே நல்லது. ஆனால் அந்த இருளில் ஆணாகிய நான் ஓடலாம், என் வயதை ஒத்த ஒரு பெண் தனியே ஓடமுடியுமா? கனடாவிலும் இங்கிலாந்திலும் பூங்காக்களில் ஓடும் நம் பெண்கள், விடுமுறைக்கு ஊர் வந்ததும் வீட்டு முற்றத்துக்குள் நடக்கிறார்கள். நோய்த் தடுப்பைப் பற்றிப் பேசும் மாநகரசபைகளும் பிரதேச சபைகளும், வட்டாரத்துக்கு ஒரு கிலோமீற்றர் வெளிச்சமான பாதையையாவது அமைக்கட்டும். மருந்துச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவன்று.

நடக்கும் வாசகர்கள் நாளைக்கே மரதன் ஓடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வழமையான நடையின் நடுவே ஒரே ஒரு நிமிடம் ஓடிப்பாருங்கள், பின்னர் நடவுங்கள். எவரும் துரத்தாமல், நாமாக விரும்பி ஓடும் அந்த ஒரு நிமிடம் நம் தலைமுறைக்குப் புதியது. எங்கள் பிள்ளைகளாவது ஓட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் இதனை நினைக்கட்டும்.