அளவில்லாத காண்டிராக்ட், அளவில்லாத கொள்ளை!

வேலை எவ்வளவு என்று எழுதாமலே கம்பெனியுடன் கையெழுத்துப் போடுவது, பிறகு நினைத்தபோதெல்லாம் வேலை உத்தரவு கொடுப்பது - இதுதான் அமெரிக்க சர்க்காரின் 'அளவு குறிக்காத' காண்டிராக்ட். அவசரத்துக்கு வசதியாம்! யாருக்கு வசதி?

2003 மார்ச்சில் ஈராக் எண்ணெய் வயல்களைச் சீர்செய்யும் வேலை, போட்டி டெண்டரே இல்லாமல் ஹாலிபர்ட்டனின் துணைக் கம்பெனிக்குப் போயிற்று. உச்சவரம்பு 700 கோடி டாலர்! ஆன செலவும் கிடைக்கும். அதன்மேல் லாபமும் உண்டு. 2000 வரை ஹாலிபர்ட்டன் தலைவராயிருந்த டிக் செனியே அன்று துணை ஜனாதிபதி! ராணுவத் தணிக்கையாளரே சுமார் 26 கோடி டாலர் செலவை ஆட்சேபித்தனர். 2006-ல் ராணுவமோ ஏறக்குறைய 1 கோடியை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கத் தீர்மானித்தது.

உழைப்பவனுக்கு மரக்காலைத் தலைதட்டி அளக்கிறார்கள். முதலாளிக்குக் களஞ்சியத்தையே திறந்துவிடுகிறார்கள்! அளவை எழுது, விலையை எழுது, டெண்டரைப் பகிரங்கமாகத் திற! மக்கள் பணத்துக்கு இதுவே காவல்.