சின்னத் தாத்தாவைத் திட்டுவதை நிறுத்துவோம்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பது நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு இது பெரிசில்லை.

எங்கள் குடும்பத்தார் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. தாத்தாவின் தம்பி 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனார். ரப்பர் தோட்டத்தில் வேலை. 1941 வரை கடிதமும் பணமும் வந்தன. அப்புறம் ஒன்றும் வரவில்லை. "அங்க ஒருத்தியக் கட்டிக்கிட்டு நம்மள மறந்துட்டான்" என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

போன மாதம் என் தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, சின்னத் தாத்தாவக் கண்டுபிடிச்சாச்சு!" சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசின் பழைய இதழ்கள் எல்லாம் அதில் உண்டு. பெயரைத் தட்டியிருக்கிறான். 1950களில் ஈப்போவில் கடை வைத்திருந்த ஒருவர் அதே பெயரில் கிடைத்துவிட்டார். உடனே உறவினர் வாட்ஸ்அப் குழுவில் "நம்ம தாத்தா பெரிய முதலாளி" என்று போட்டுவிட்டான். ஐம்பது கைதட்டல்.

நான் கேட்டது ஒன்றுதான். தகப்பன் பெயர் என்ன, ஊர் என்ன? இரண்டும் அந்தச் செய்தியில் இல்லை. சின்னத் தாத்தாவின் பெயர் நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். பெயர் ஒன்றாக இருப்பது சான்று ஆகாது. பெயர், தகப்பன் பெயர், ஊர், காலம், இவற்றில் மூன்றாவது பொருந்தாமல் யாரையும் தாத்தா என்று அழைக்காதீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதனால் இந்த எச்சரிக்கை நமக்கு இரண்டு மடங்கு வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒருமுறை தேடிவிட்டு "இல்லை" என்று மூடிவிடுவது. முத்துசாமி என்ற பெயரை அந்தக் காலத்து வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். மூட்டூசாமி, முத்துசாவ்மி, முத்துஸ்வாமி என்று ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டில் வரும். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கவும் கூடும். ஆகவே பெயரோடு நிற்காமல் ஊர், தோட்டம், கப்பல் என்றும் தேடுங்கள்.

பெயர் கிடைக்காவிட்டாலும் காலம் கிடைக்கும். நான் அந்தத் தளத்தில் சின்னத் தாத்தாவைத் தேடுவதை விட்டுவிட்டு 1941ஐப் படித்தேன். டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான் படை கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் அங்கே வந்த பத்திரிகை ஜப்பானியர் நடத்தியதுதான். கடிதம் எப்படி வரும்? மணியார்டர் எப்படி வரும்? அவர் மறந்தார் என்று நாம் சொல்லும் அதே மாதங்களில் கடலே அடைபட்டுக் கிடந்தது.

அதோடு முடியவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதற்குக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் ஏராளமானோர் காட்டிலேயே செத்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இறந்த படைவீரரின் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை வரிசை வரைக்கும் வருகிறது. அதே பாதையில் செத்த நம் கூலிகளில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட எழுதப்படவில்லை. சின்னத் தாத்தா அங்கே போனாரா, எனக்குத் தெரியாது. ஆனால் மறந்துவிட்டார் என்பதும் யாருக்கும் தெரியாது. எண்பது வருஷமாகச் சான்றில்லாமல் ஒரு மனிதரைப் பழித்திருக்கிறோம். இனி வேண்டாம்.

என் கருத்து இதுதான். நூலகத் தளங்களைப் பயன்படுத்துங்கள், கட்டாயம் பயன்படுத்துங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இரண்டும் இலவசம். "நம் குலம் ஆண்ட குலம்" என்று வரும் செய்திகளை அனுப்புவதற்கு முன்னால் அரைமணி நேரம் அங்கே செலவிடுங்கள். ஆனால் ஏட்டில் இருப்பது, ஏடு எழுதினவர்கள் எழுத நினைத்தது மட்டுமே. ஏழை வீட்டுப் பெயர்கள் அதில் குறைவு, பெண்களின் பெயர்கள் அதைவிடக் குறைவு. அந்த ஏட்டை நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரம் வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் உட்காருங்கள். பாட்டியின் அம்மா பெயர் என்ன, எந்த ஊர், யார் கப்பலேறினார், எந்தத் தோட்டம் என்று கேட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் கடித உறை கிடந்தால் முத்திரையோடு படம் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு உறை. அதிலிருந்த தோட்டத்துப் பெயரை வைத்துத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மலேசியாவில் இருக்கும் மாணவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். தோட்டத்தின் பெயரை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்