குளியலறையில் ஒரு சொட்டு

வீட்டில் யாவரும் உறங்கிய பின்னர், குளியலறையிலிருந்து ‘டப், டப்’ என்றோர் ஓசை எழுவதைச் சில வாரங்களாகக் கேட்டு வந்தோம். பகலில் அது காதில் விழுவதில்லை. விழுந்தாலும் ‘நாளை பார்ப்போம்’ என ஒதுக்கிவிடும் பழக்கம் எமக்கு உண்டு. அது ஆவணி மாதம். கிளிநொச்சிக் கிணறுகள் அடிமட்டத்துக்கு இறங்கி, மோட்டார் அரை மணி நேரம் ஓடினாலே சேற்றை உறிஞ்சத் தொடங்கும் காலம். கார்த்திகை மழைக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன.

ஓர் இரவு ஷவரின் கீழே புனல் பொருத்திய ஒரு லீற்றர்ப் போத்தலை வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்திருந்தோம். (‘ஷவர்’ என்றே எழுதுகிறோம்; ‘சவர்’ என்று எழுதினால் பூநகரி வாசகர்கள் உவர்நீர் என்று பொருள் கொள்வர்.) நாற்பது நிமிடத்தில் போத்தல் நிரம்பிற்று. அப்படியாயின் நாளொன்றுக்கு 36 லீற்றர். முப்பது நாளில் 1,080 லீற்றர். எமது கூரைத் தாங்கியின் கொள்ளளவோ 1,000 லீற்றர்தான்! மாதத்துக்கு ஒரு தாங்கி நீரை மின்சாரம் செலவிட்டு மேலேற்றி, ஒருவரும் குளிக்காமலே கீழே விட்டிருக்கிறோம். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லும் திட்டம் 2010 இல் எழுந்தபோது, ‘எமது வயலுக்கே போதாதே’ என்று ஆண்டுக்கணக்காக வாதாடிய ஊரவர் நாம். வாதம் நியாயமானதே. ஆயினும் போத்தலைப் பார்க்கையில் சற்று வெட்கமாகவே இருந்தது.

குற்றத்தை முதலில் அம்மாவின் மீதே சுமத்தினோம். வயது எழுபத்தெட்டு, கையில் வலு இல்லை, இறுகப் பூட்டுவதில்லை என்று எண்ணியதோடு நில்லாமல், வாய்விட்டுச் சொல்லியும் விட்டோம்.

“நான் பூட்டிறன் தம்பி. நீ இறுக்கினால் பிறகு என்ர கையால திறக்க ஏலாமல் கிடக்கு. அதுதான் ஒரு மாசமாய்க் கிணத்தடியில வாளியால அள்ளிக் குளிக்கிறன்” என்றார்.

வழுக்கும் கிணற்றடியில், இந்த வயதில், ஒரு மாதமாக! அவருக்கென்றே பொருத்திய ஷவர் அது. மறுநாட் காலையே குறடும் ஸ்பானருமாக இறங்கினோம். உயர்தர வகுப்பில் பௌதிகம் பயிலும் மகள் உதவிக்கு வந்தாள்.

இவ்வகை வால்வின் அமைப்பு மிக எளிது. இங்கிலாந்தின் றொதர்ஹாம் நகரில் கெஸ்ட் அன்ட் கிறைம்ஸ் என்னும் பித்தளை வார்ப்பகத்தார் 1845 இல் உரிமம் பெற்ற திருகுக் குழாயின் வழிவந்ததே எம் வீட்டுச் சுவரில் இருப்பதும். கைப்பிடியைத் திருகினால் அதன் தண்டு மரைவழியே கீழிறங்கும். தண்டின் நுனியில் ஒரு றப்பர் வோசர். அது பித்தளை இருக்கையின் மேல் அமர்ந்து நீரின் வழியை அடைக்கும். நீரைத் தள்ளுவது தாங்கியின் உயரமேயன்றி வேறொன்றன்று. பத்து மீற்றர் உயர நீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். போரின் இறுதிக் கட்டத்தில் சரிந்து, ஏ9 வீதியோரம் ஆண்டுக்கணக்காகக் கிடந்த கிளிநொச்சி நீர்த்தாங்கியை அத்தனை உயரத்தில் கட்டியிருந்ததும் இதன் பொருட்டே. வீட்டுத் தாங்கியின் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு. அதனை அடைக்க இரண்டு விரல்களின் வலுப் போதும். அதற்கு மேல் இறுக்குந்தோறும் வோசர் நசுங்கும். நசுங்கிய வோசர் கசியும். கசிந்தால் மறுபடி இறுக்குவோம். ஆக, கெடுத்தது அம்மாவின் தளர்ந்த கையன்று, எமது வலிய கைதான்.

தாங்கியின் கீழுள்ள வால்வைப் பூட்டி, ஷவரைத் திறந்து, குழாயில் எஞ்சியிருந்த நீரை வாளியில் பிடித்துக்கொண்டோம். அடைப்பு வால்வு இல்லாத வீட்டார், தாங்கி காலியாகும் வேளை பார்த்து இதனைச் செய்வது நலம். தரையிலுள்ள நீர்போகும் துவாரத்தை ஒரு துணியால் மூட வேண்டும். சிறிய திருகாணி அதனுள் விழுந்தால் அன்றைய வேலை அதனோடு சரி. பின்னர் கைப்பிடியைக் கழற்றி, ஒரு கையால் வால்வின் உடலை அசையாமற் பிடித்துக்கொண்டு, மறுகையால் தலைப்பகுதியை ஸ்பானரால் திருக வேண்டும். உடலைப் பிடிக்காமல் திருகினால் சுவருக்குள்ளிருக்கும் எஸ்லோன் வளைவு முறியும். அப்புறம் மேசனைத்தான் அழைக்க வேண்டும்.

வோசர் ஒருபுறம் தேய்ந்து, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. புதியது ஒரு பிளேன்ரீயின் விலைகூட இல்லை. பழையதைக் கடைக்குக் கொண்டு செல்லாமல் ‘அரை அங்குலம்’ என்று வாயால் மட்டும் கேட்டதால், முதலில் தடிப்புக் கூடியதொன்று கிடைத்தது. இரண்டாம் முறை சரியானதைப் பொருத்தினோம். அப்போதும் சொட்டு நிற்கவில்லை!

மகள்தான் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். “அப்பா, அடியில சொரசொர எண்டு இருக்கு” என்றாள். கேத்தலின் அடியில் படியும் அதே வெண்படிவு, கல்சியம் காபனேற்று, இருக்கையின் மேலும் படிந்திருந்தது. வன்னியின் கடின நீர் காய்ச்சாவிட்டாலும், சொட்டுச் சொட்டாக உலர்ந்தே அதனை விட்டுச் செல்லும். அமிலம் பட்டால் கரைவது அதன் இயல்பு. தேசிக்காய்ப் புளியில் தோய்த்த துணியை அரை மணி நேரம் உள்ளே திணித்து வைத்தோம், நுண்குமிழிகள் எழுந்தன. பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவியபின் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. ஷவரின் பூவாளித் தட்டையும் அவ்வாறே வினாகிரியில் ஊறவைத்தோம். மலகூடம் கழுவும் கடும் அமிலத்தை இதற்குப் பயன்படுத்துவோர் உளர். அது மேற்பூச்சையும் உலோகத்தையும் ஒருங்கே அரித்துவிடும்.

இருக்கையிலேயே வெட்டு விழுந்திருந்தால் வால்வு முழுவதையும் மாற்றுவதே வழி. அப்போது மரையின் மேல் வெண்ணிற நாடாவை, திருகி இறுக்கும் திசையிலேயே ஆறேழு சுற்றுச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது அவிழ்ந்து வந்துவிடும். கைப்பிடியருகே மட்டும் கசிந்தால் அது வோசரின் பிழையன்று. தண்டைச் சுற்றியுள்ள அடைப்புத் தளர்ந்ததே காரணம். அங்குள்ள மரையைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். கால் சுற்றில் திறந்து மூடும் புதுவகை வால்வுகளில் வோசரே கிடையாது. உள்ளிருப்பவை பீங்கான் தட்டுகள். அவை பழுதுபட்டால் உட்பகுதியை முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

அன்றிரவு மறுபடி போத்தலை வைத்தோம். விடியும்வரை அது உலர்ந்தே இருந்தது. காலையில் அம்மா இரண்டு விரலால் திறந்தார், பூட்டினார், மீண்டும் திறந்தார். கதவைச் சாத்துமுன் எம்மை நோக்கி, “இனி நீ குளிச்ச பிறகு நான்தான் பூட்டுவன்” என்றார்.