ஆவியாகப் போகும் எரிவாயு

வீட்டில் எரிபொருட் சிக்கனம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், பிரஷர் குக்கர் ஒன்றை வாங்கி அடுப்பில் ஏற்றிவிட்டாலே காரியம் முடிந்தது என்று நாம் திருப்தியடைந்து விடுகிறோம். ஆனால் அந்தப் பாத்திரம் மிச்சப்படுத்தித் தருவதில் கணிசமான ஒரு பங்கை நாமே விசில் விசிலாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

பிரான்ஸில் பிறந்து லண்டனில் ஆராய்ச்சி நடத்திய தெனி பாப்பென் என்ற விஞ்ஞானி, இறுக மூடிய கலத்தில் எலும்பையும் குழைய வேகவைக்கலாம் என்று 1679-இல் நிரூபித்து, 1681-இல் அதைப் பற்றி வெளியிட்ட நூலின் நீண்ட தலைப்பிலேயே, அச்சாதனத்தின் விலையையும் அதனால் வரும் ஆதாயத்தையும் சேர்த்துக்கொண்டார் என்றால், சிக்கனம் அதனுடன் கூடவே பிறந்த குணம் என்றுதான் கொள்ள வேண்டும். கலம் வெடித்துவிடாமலிருக்க அவர் பொருத்திய பாதுகாப்பு வால்வின் வம்சத்தில் வந்ததே நம் குக்கரின் தலையில் அமர்ந்திருக்கும் 'வெயிட்'. அழுத்தம் எல்லை மீறாமல் காப்பது அதன் உத்தியோகமேயன்றி, பருப்பு வெந்துவிட்டதென்று பறைசாற்றுவது அன்று.

திறந்த பாத்திரத்தில் தீயை எவ்வளவு பெரிதாக்கினாலும் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதில்லை. குக்கருக்குள்ளோ அழுத்தம் வெளியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகிறபடியால், உஷ்ணம் 120 டிகிரிவரை சென்று, வேகும் நேரம் வெகுவாகச் சுருங்குகிறது. இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சங்கதி. அவ்வளவாகக் கவனிக்கப்படாத சங்கதி வேறொன்று: 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதுமென்றிருக்க, அதே தண்ணீரை ஆவியாக்க 540 கலோரி செலவாகிறது. சூடேற்றுவதைவிட ஆவியாக்குவதற்கே ஏழெட்டு மடங்கு எரிபொருள் வேண்டும் என்னும்போது, ஒவ்வொரு விசிலும் எத்தகைய விரயம் என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. முதல் விசில் கேட்டவுடன் அடுப்பைச் சிம்மில் வைத்தால், பாத்திரத்தின் பக்கங்கள் வழியே கசியும் உஷ்ணத்தை அந்தச் சிறு சுடரே ஈடுசெய்துவிடும். அதற்கு மேற்பட்ட தீயெல்லாம் சமையலறைச் சுவரில் பருப்புத் தண்ணீரைத் தெளிக்கத்தான் உதவும்.

இருந்தும் 'துவரம்பருப்புக்கு நாலு, கொண்டைக்கடலைக்கு ஆறு' என்று விசிலை எண்ணும் பிரமாணமே நாட்டில் நிலைத்துவிட்டது. தீ பெரிதானால் விசில் விரைந்தும், சிறிதானால் தாமதித்தும் வருமாகையால், இது நேரத்தையும் அளக்காது, வேக்காட்டையும் அளக்காது. இதற்காகப் பெண்களைக் குறைகூறுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு கையால் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டே வேலைக்குப் புறப்படும் ஒருத்திக்கு, அடுத்த அறையிலிருந்தும் காதில் விழுகிற விசில்தான் கடிகாரம். விசில் கணக்கிலேயே செய்முறை எழுதிவரும் சமையற் புத்தகங்களும், அதையே திருப்பிச் சொல்லும் தொலைக்காட்சிகளும், முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் எத்தனை நிமிஷம் என்று சொல்லத் தொடங்கினால், அந்த நிமிஷங்களை எண்ணும் பொறுப்பைக் கைப்பேசியின் அலாரம் ஏற்றுக்கொள்ளாதா? சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் தேசத்தில், மானியத்தைப் பற்றி நடக்கும் விவாதங்களின் ஒரு மூலையிலாவது இதற்கு இடமிருக்க வேண்டும்.

கடலையை முதல்நாள் இரவே ஊறப்போடுவதும், கீழ்த்தட்டில் பருப்பும் மேல்தட்டில் அரிசியுமாக ஒரே தீயில் அடுக்கிவிடுவதும், ஆவி கசியும்படி தளர்ந்துபோன காஸ்கெட்டை மாற்றிவிடுவதும் நம் வீடுகளில் பலர் அறிந்தவையே. அடுப்பை அணைத்தபின் பொறுப்பவர்தாம் குறைவு. கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டாமல், அழுத்தம் தானாக இறங்கும்வரை விட்டுவைத்தால், உள்ளிருக்கும் உஷ்ணத்திலேயே பருப்பு மேலும் சற்று நேரம் வேகும் என்பதால், அந்த அளவுக்கு அடுப்பை முன்னதாகவே அணைத்துவிடலாம். கீரைக்கும் பிஞ்சுக் கத்தரிக்காய்க்கும் குக்கரே வேண்டியதில்லை. மூடியிட்ட சாதாரணப் பாத்திரம் போதும்.