வாங்காத கடன்

ஒருவர் வாங்காத கடனுக்கு அவரிடமே பணம் கேட்டு ஆள் வரும் வழிகள் பல. வீட்டில் முன்பு வாடகைக்கு இருந்தவரின் கடன், பேச்சுவார்த்தை அற்றுப்போன தம்பியின் கடன், இறந்துபோன தகப்பனாரின் கடன், தொலைந்த அடையாள அட்டையைக் காட்டி யாரோ எடுத்த கடன், கைத்தொலைபேசியில் எண் பதிவாகி இருந்ததால் மட்டுமே தலையில் விழும் நண்பனின் கடன். எல்லாவற்றிலும் நடந்திருப்பது ஒன்றே. கடன்பட்டவர் கைக்குச் சிக்கவில்லை. பயப்படக்கூடிய ஒருவர் சிக்கிவிட்டார்.

பேராக் தோட்டப்புறங்களில் வளர்ந்த தலைமுறைக்கு இந்தப் பயத்தின் வேர் ஆழமானது. தோட்டத்து மளிகைக் கடையில் அரிசியும் கருவாடும் பற்றில் வாங்கி, கையடக்கமான 555 நோட்டில் எழுதி, சம்பள நாளில் அடைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். நோட்டில் பெயர் இருந்தால் கடன் உண்டு. கடன் உண்டென்றால் கொடுத்தாக வேண்டும். அதற்கும் முந்திய தலைமுறை கப்பல் கட்டணத்தையே கடனாகச் சுமந்து மலாயாவில் இறங்கியது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, பயணச் செலவு முதலாளிகள் தலையில் விழுந்த பிறகுதான் தொழிலாளி கடனில்லாமல் கரையிறங்க முடிந்தது. இப்படி வளர்ந்த நாணயம் பெருமைக்குரியது. ஆனால் 555 நோட்டின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் வாங்கிய பொருள் ஒன்று இருந்தது. இன்று வாசலில் நின்று கத்துபவரிடம் அப்படி ஒரு வரிகூட இருப்பதில்லை. அந்த வரியைக் காட்டச் சொல்வதுதான் முதல் வேலை.

வந்தவர் வங்கியின் வசூல் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றால், அவருடைய பெயர், நிறுவனத்தின் பெயர், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம், கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றைக் கேட்கலாம். கடன் தன்னுடையது அல்ல என்பதை வசூல்காரரிடம் வாயால் சொன்னால் போதாது. வங்கிக்கே எழுத்தில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். “சரிபார்க்க வேண்டும், ஐசி நம்பர் சொல்லுங்க” என்று தொலைபேசியில் கேட்டால் சொல்லக்கூடாது. கடன் கொடுத்தவரிடம் அது ஏற்கெனவே இருந்திருக்கும். “ஐம்பது வெள்ளியாவது கட்டுங்க, ஃபைலை மூடிடுறேன்” என்பார்கள். இதுதான் பெரிய பொறி. தொல்லை விட்டால் போதும் என்று கட்டிய அந்த ஐம்பது வெள்ளி, கடனை ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சியாக நாளை திரும்பி வரும். உண்மையாகவே வாங்கிய கடனிலும் இதே ஆபத்து உண்டு. 1953-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டுகள்தான் அவகாசம். இடையில் கடனாளி சிறு தொகை கட்டினாலும் அந்த 6 ஆண்டு புதிதாக எண்ணப்படும். வீட்டுச் சாமானைத் தூக்கிவிடுவோம் என்பது வெறும் மிரட்டல். நீதிமன்ற ஆணையோடு வரும் நீதிமன்ற அதிகாரிக்கே அந்த அதிகாரம் உண்டு. தவணையில் வாங்கிய வாகனத்துக்கு வேறு சட்டம். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம், வசூல் நிறுவனங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. வெகுகாலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம் அது.

ஆலோங் எனப்படும் வட்டி முதலைகளிடம் காகிதம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் வேலை இரவில் நடக்கிறது. விடிந்து பார்த்தால் இரும்புக் கதவில் சிவப்புச் சாயம் வழிந்து காய்ந்திருக்கும். வீட்டுப் பூட்டுக்கு மேல் அவர்களுடைய சங்கிலியும் பூட்டும் தொங்கும். மின்கம்பத்தில் ஓர் அடையாள அட்டையின் நகல் ஒட்டப்பட்டிருக்கும்; அந்த முகத்தை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அக்கம்பக்கம் எழுவதற்குள் தின்னர் ஊற்றித் துடைத்துவிடத்தான் கை பரபரக்கும். துடைத்தால் சாட்சியும் சேர்ந்து போய்விடும். முதலில் படம், அடுத்து போலீஸ் புகார், அதன் பிறகே தின்னர். புகாரின் நகலொன்று வீட்டில் இருக்க வேண்டும். வெட்கப்பட வேண்டியவர்கள் சாயம் ஊற்றியவர்களே அன்றி அந்த வீட்டுக்காரர்கள் அல்லர்.

சட்டம் இங்கே உறுதியாகவே இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் கொடுத்த கடனை நீதிமன்றத்தின் வழி வசூலிக்க இயலாது. உரிமமின்றித் தொழில் நடத்தினால் 250,000 முதல் 10 இலட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உரிமம் உள்ளவர்கூட ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாததற்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. கடன் வாங்கியவரின் குடும்பத்தாரை மிரட்டுவதும் அச்சட்டத்தின் கீழ் குற்றமே. சொத்துக்குச் சேதம் விளைவிப்பது குற்றவியல் சட்டத்தின் 427-ஆம் பிரிவிலும், மிரட்டுவது 506-ஆம் பிரிவிலும் அடங்கும்.

குடும்பத்துக் கடன்தான் மனத்தை அதிகம் வருத்துவது. தகப்பன் பட்ட கடனை மகன் அடைக்க வேண்டும் என்பது பழைய இந்து சட்டத்தில் புனிதக் கடமையாகவே இருந்தது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் திருத்தம் அதை நீக்கியது. மலேசியாவில் இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மட்டுமே அடைபடும். சொத்து இல்லையென்றால் பிள்ளைகளின் சம்பளத்தைத் தொட முடியாது. மனைவிக்கும் அண்ணன் தம்பிக்கும் இது பொருந்தும். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு. அதிலும், ஆதாயம் ஏதுமின்றிப் பிறர் பிள்ளையின் கல்விக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ, சொந்த வாகனத்துக்கோ கையெழுத்திட்டவரைத் திவாலாக்க முடியாது என்று 2017 அக்டோபரிலிருந்து சட்டம் காப்பாற்றுகிறது. வழக்குத் தொடுப்பதை அது தடுக்காது.

இல்லாத கடனை உண்டாக்கும் கூட்டமும் இருக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கிரெடிட் கார்டில் பாக்கி என்று தொடங்கி, அழைப்பைப் ‘போலீஸ் அதிகாரி’க்கு மாற்றுவார்கள். தொடர்பைத் துண்டித்து, வங்கியின் எண்ணைத் தானே தேடி அழைப்பதே வழி. பணம் போய்விட்டிருந்தால் அந்த நிமிடமே மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழைக்க வேண்டும். தன் பெயரில் எந்த வங்கியில் என்ன கடன் உள்ளது என்பதைப் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவில் பார்த்துக்கொள்ளலாம். தவறிருந்தால் அந்த வங்கிக்கு எழுதித் திருத்தக் கேட்கலாம்.

வசூல்காரரின் கடிதத்தைப் போல நீதிமன்றச் சம்மனை ஒதுக்கிவைக்க முடியாது. கடன் பொய்யாக இருந்தாலும், சம்மன் கிடைத்த 14 நாளுக்குள் வழக்கை எதிர்ப்பதாகப் பதிவு செய்யாவிட்டால் எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பாகிவிடும். பழைய ரப்பர் தோட்டத்தார் மாட்டிக்கொள்வது இங்கேதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் இடிக்கப்பட்டது, குடும்பம் புந்தோங்குக்கோ சுங்கை சிப்புட்டின் புதிய தாமானுக்கோ பெயர்ந்தது. அடையாள அட்டையில் மட்டும் லயத்து முகவரி அப்படியே நிற்கிறது. நேரில் கொடுக்க இயலாத சம்மனைக் கடைசியாகத் தெரிந்த முகவரியில் ஒட்டவோ நாளிதழில் விளம்பரம் செய்யவோ நீதிமன்றம் அனுமதிக்கும். இல்லாத வீட்டின் பெயரில் ஒரு தீர்ப்பு பிறந்துவிடும். உரியவருக்கு அது தெரியவருவது திவால் அறிவிப்பு வரும்போதுதான். அப்போதும் வழி அடைபடவில்லை. தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் அதை ரத்து செய்யும்படி நீதிமன்றத்திடம் மனு செய்யலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் ஈப்போவில் உள்ள அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தையோ, பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம். தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிக்கொண்டவருக்கு, சம்மன் வந்தால் அது இன்று குடியிருக்கும் வீட்டைத் தேடி வரும்.